ஏழாம் பிரஸ்ஸின் மெய்மை அட்டவணை

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்த டைரி பேரிங் கம்பெனிக்காரன் கொடுத்தது. மெயின்டனன்ஸில் நிரந்தர ஆட்களுக்கு மட்டும் கொடுத்தான். ஒருத்தர் வேண்டாம் என்று குப்பைக்கூடை மேல் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக்கொண்டேன். முடிந்துபோன நாட்களின் பக்கங்களில் என் ரூம்மேட் சங்கவி மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக் கிழிக்கிறாள். மிச்சம் எனக்கு.

காரணம் இருக்கிறது. மார்ச் 23 அன்று கம்பெனியில் தேர்வு. கன்ட்ரோல் டெக்னீஷியன், இரண்டு இடம், இரண்டும் நிரந்தரம். எழுதப்போகிறவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் டிப்ளமோ, ஆண்கள். நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், மஞ்சள் கார்டு. இங்கே மஞ்சள் கார்டு என்றால் கான்ட்ராக்ட், நீலக் கார்டு என்றால் நிரந்தரம். கேன்டீனில் வரிசை வேறு, பஸ்ஸில் சீட் வேறு, காய்ச்சல் வந்தால் கேட்கிற கேள்வியும் வேறு.

வயரிங், மோட்டார், சென்சார் எல்லாம் எனக்குத் தூக்கத்தில் வரும். இருபது மதிப்பெண்ணுக்கு லாஜிக் என்று போட்டிருக்கிறார்கள். பத்தாவதோடு ஐ.டி.ஐ. போய்விட்டதால் பிளஸ் டூ கணக்கு நான் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தை ஃபோனில் இறக்கிவிட்டேன். கடைசிப் பாடம்தான் எனக்கு வேண்டியது. நான்கு ஞாயிறு இருக்கிறது. போதும்.

முதல் பக்கம்: கூற்று என்றால், ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் அல்லது தவறாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. "கதவைச் சாத்து" கூற்று இல்லை. "எவ்வளவு அழகு!" கூற்று இல்லை. புத்தகத்தின் உதாரணங்கள் சப்பென்று இருந்ததால் நானே எழுதினேன்.

வினோதினி, அதாவது நான், மஞ்சள் கார்டு. உண்மை.
மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஒரே குழம்பு. தவறு.
"சீக்கிரம் எல்லாரையும் பர்மனன்ட் பண்ணிடுவோம்." இது கூற்றே இல்லை. எவ்வளவு அழகு மாதிரி.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் தண்ணீர் கேன் வரவில்லை. கீழ் வீட்டில் ஒரு குடம் வாங்கி இரண்டு பேரும் சமாளித்தோம். சங்கவிதான் தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். இறுக்கிப் பின்னுவாள், கண் இழுக்கும். மெஷினில் மாட்டாமல் இருக்க அதுதான் சரி என்பாள்.

தகடு அடிக்கிற ஏழாம் பிரஸ்ஸில் லெஃப்ட் பட்டன் புகார். ஸ்டோர்ஸில் ஸ்பேர் இல்லை. சீனியர் லீவு, டூட்டியில் நான் மட்டும். லைன் இன்சார்ஜ் தியாகு சார் சொன்னபடி செய்து கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. "லெஃப்ட் பட்டன் சரிசெய்யப்பட்டது" என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி ரசம், அப்பளம்.

பிப்ரவரி 26, புதன்

"மற்றும்." இரண்டு கூற்றுகளை இதால் சேர்த்தால், இரண்டும் உண்மையானால்தான் மொத்தமும் உண்மை. p, q என்று பெயர் வைத்து நடுவில் கூரை மாதிரி ஒரு குறி போடுகிறார்கள். நான்கு வரி எழுதினால் மெய்மை அட்டவணை முடிந்தது. உண்மை-உண்மை, உண்மை-தவறு, தவறு-உண்மை, தவறு-தவறு. முதல் வரிக்கு மட்டும் விடை உண்மை.

டிப்ளமோக்காரர்கள் இதற்கு மூன்று வருஷம் கட்டணம் கட்டினார்களா?

பவர் பிரஸ்ஸின் இரண்டு பட்டனும் இதுதான். தகட்டை டை என்கிற அச்சில் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், ஒரு கை இடது பட்டனில், ஒரு கை வலது பட்டனில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் நாற்பது டன் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. யாரோ ஒரு புத்திசாலி யோசித்து வைத்தது.

சங்கவிக்கு அட்டவணையைக் காட்டினேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"ரெண்டுல ஒண்ணு பொய்னா மொத்தமும் பொய்யா?"

"ஆமா."

"அப்ப எங்கூட்டுக்கு வந்த புரோக்கர் சொன்னது மொத்தமும் பொய்தான். மாப்ள தங்கமானவரு, கவர்மென்ட்டு வேலைன்னான்."

"எது பொய்?"

"வேலை தற்காலிகம்."

"தங்கம்?"

"அதுவும் தற்காலிகம்."

சங்கவிக்கு என் வயதுதான், இருபத்து மூன்று. செய்யாறு பக்கம். கல்யாணம் ஆகி ஏழு மாதத்தில் ஒரு பையோடு கிளம்பி வந்துவிட்டாள். அதைச் சொல்லும்போதும் சிரிப்பாள். ஏழாம் பிரஸ்ஸில் முதல் ஷிஃப்ட் அவள்தான்.

"ஏழாம் நம்பரு இப்பல்லாம் பறக்குதுடி," என்றாள். என்னைப் பார்த்தாள்.

குக்கர் விசில் வந்துவிட்டது. எழுந்து போனேன்.

மார்ச் 2, ஞாயிறு

"அல்லது", "இல்லை" இரண்டும் வெள்ளிக்கிழமையே முடிந்தது. இன்று "என்றால்". மழை பெய்தால் தரை நனையும். இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள் போலிருக்கிறது. தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்று சொல்லக் கூடாது. யாராவது தண்ணீர் கொட்டியிருக்கலாம். அது மறுதலை, வேறு கூற்று.

இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. முதல் பாதி தவறாக இருந்தால் மொத்தமும் உண்மை. மழையே பெய்யவில்லை என்றால் உன் வாக்கை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அரை மணி நேரம் புத்தகத்தோடு சண்டை போட்டேன். அப்புறம் கம்பெனி வாசலில் இருக்கும் போர்டு ஞாபகம் வந்தது.

"எங்கள் நிரந்தரப் பணியாளர் எவருக்கேனும் பிரஸ் பிரிவில் காயம் ஏற்பட்டால், முழுச் சிகிச்சையும் முழுச் சம்பளமும் வழங்கப்படும்."

பிரஸ் பிரிவில் ஒரு நிரந்தரப் பணியாளர்கூடக் கிடையாது. மூன்று ஷிஃப்டிலும் எல்லாரும் மஞ்சள். ஆகவே அந்த வாக்கு என்றைக்கும் பொய்யாகாது. உலகம் முடிகிற வரைக்கும் உண்மை. இதை எழுதிய ஆளுக்கு லாஜிக் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பாடம் புரிந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

பாதுகாப்பு தின விழா. எல்லாரும் வெயிலில் நின்று கை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். பிளான்ட் ஹெட் குடைக்குக் கீழே நின்று எடுத்தார். "விபத்தில்லா நாட்கள்" போர்டுக்கு மாலை. 212.

ஒரு வாரத்தில் அதிக உற்பத்தி காட்டியது என்று ஏழாம் பிரஸ்ஸுக்குப் பரிசு. மூன்று ஷிஃப்ட் ஆப்பரேட்டர்களுக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். பக்கத்தில் தியாகு சார் நிற்க ஃபோட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். சங்கவி பல்லைக் காட்டவில்லை. ஃபோட்டோவில் அவள் சிரிக்காமல் இருப்பது எனக்குப் புதிது.

"மூடி சரியா நிக்கல," என்றாள் டிபன் பாக்ஸைப் பார்த்து. அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

பயிற்சியில் இல்லாத கணக்கு ஒன்று நானே போட்டேன். "p மற்றும் q". இதில் q எப்போதும் உண்மையாகவே இருக்கும்படி யாராவது செய்துவிட்டால்? நான்கு வரியில் இரண்டு வரி அடிபடும். மிச்ச இரண்டைப் பார்த்தால் விடை p-யே. q இருப்பதும் இல்லாததும் ஒன்று.

ஸ்டோர்ஸில் போய் ஏழாம் பிரஸ் ஸ்பேர் வந்ததா என்று கேட்டேன். வேண்டும் என்று கேட்டு எழுதுகிற இண்டென்டே வரவில்லையாம்.

தியாகு சாரிடம் நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

சார் நாள் முழுக்க ஆடிட்டில்.

மார்ச் 7, வெள்ளி

காலை 10.40. சங்கவி. இடது கை. ஆள்காட்டி விரல், நடுவிரல்.

பேனலைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். மூடினேன்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கேட்டில் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். சங்கவியின் ரோஜாவையும் என் கையில் கொடுத்தான் ஹெச்.ஆர். பையன். தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனேன். மருந்து மயக்கத்தில் இருந்தாள். ஒட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார்.

நேற்றைய யூனிஃபார்மைத் துவைத்தேன். பாக்கெட்டில் இருந்ததை எடுத்து இந்தப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வயலட் நிறம். விரல் நீளம்.

இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மார்ச் 10, திங்கள்

சங்கவியை அறைக்குக் கூட்டி வந்தேன். நாங்கள் படி ஏறும்போதே பின்னால் கூரியர்க்காரன் வந்தான். கம்பெனி லெட்டர். அவளால் பிரிக்க முடியவில்லை, நான் பிரித்தேன். விளக்கம் கேட்டு நோட்டீஸ். விசாரணை 20-ஆம் தேதி.

தேவையான பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

"பிரஸ் இறங்கினால், இரண்டு பட்டன்களும் அழுத்தப்பட்டிருக்கும். இயந்திரத்தின் அமைப்பு அத்தகையது. சம்பவத்தின்போது பிரஸ் இறங்கியது. ஆகவே இரண்டு பட்டன்களும் அழுத்தப்பட்டிருந்தன. தங்களது இடது கை டையினுள் இருந்ததால், இடது பட்டனைத் தாங்கள் டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தீர்கள் என்பது தெளிவாகிறது. இது கடுமையான ஒழுங்கீனம்."

விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும். விபத்து என்ற கணக்கிலேயே வராது. இழப்பீடு, மாற்று வேலை, எதுவும் கேட்க முடியாது.

"டேப்பு நான் கண்ணாலகூடப் பாக்கல," என்றாள் சங்கவி. அழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

கேட்டில் போர்டைப் பார்த்தேன். விபத்தில்லா நாட்கள்: 218. ஒரு நாள்கூட விடாமல் ஏற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த நோட்டீஸில் ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். தரை நனைந்தது, ஆகவே மழை என்கிற அதே தப்பு. மறுதலையை எடுத்து மாட்டியிருக்கிறான். பதினைந்து நாள் படித்த எனக்கே தெரிகிறது, வக்கீல் வைத்து எழுதியவனுக்குத் தெரியவில்லை.

நாளை அட்டவணை போட்டு நிரூபிக்கிறேன்.

மார்ச் 12, புதன்

போட்டேன். மூன்று தடவை.

p: பிரஸ் இறங்கியது. q: இரண்டு பட்டனும் அழுத்தப்பட்டிருந்தன. p என்றால் q. p நடந்தது. ஆகவே q.

மறுதலை இல்லை. நேராகத்தான் போயிருக்கிறான். முதல் இரண்டு வாக்கியமும் உண்மையாக இருந்து மூன்றாவது தவறாகிற வரி ஒன்றாவது கிடைக்குமா என்று நான்கு வரியையும் விரல் வைத்துப் பார்த்தேன். கிடைக்காது. வாதத்தின் வடிவத்தில் பழுது இல்லை. புத்தகத்தில் இதுதான் முதல் உதாரணமே.

வடிவம் சரி என்றால் முடிவு உண்மை என்று அர்த்தமில்லை. அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. தொடங்குகிற கூற்று உண்மையாக இருக்க வேண்டும். இந்த வாதத்தை உடைக்க ஒரே வழிதான்: "பிரஸ் இறங்கினால் இரண்டு பட்டனும் அழுத்தப்பட்டிருக்கும்" என்பது பொய் என்று காட்ட வேண்டும்.

நோட்டீஸோடு ஆதாரம் ஒன்று இணைத்திருக்கிறான். மெயின்டனன்ஸ் லாக் புக், பிப்ரவரி 24, ஜெராக்ஸ். "லெஃப்ட் பட்டன் சரிசெய்யப்பட்டது." கீழே கையெழுத்து.

கையெழுத்து அழகாக இருக்கிறது. எனக்கு எப்போதுமே கையெழுத்து அழகு.

மார்ச் 14, வெள்ளி

தியாகு சார் கேன்டீனுக்கு வெளியே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நீலக் கார்டு டீ, இஞ்சி போட்டது.

"எக்ஸாமுக்குப் படிக்கிறியாம்மா?"

"படிக்கிறேன் சார்."

"உம் பேர ஃபார்வர்ட் பண்ணதே நான்தான். கான்ட்ராக்ட்ல இருந்து ஒரு பொண்ணு மேல வரணும்னு எனக்கு ஆச. மேல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

டீயை ஊதினேன்.

"இருபதாந்தேதி உன்னையும் சாட்சிக்குக் கூப்புடுவாங்க. புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். லாக் புக்ல என்னா எழுதுனியோ அதையே சொல்லு. நீ எழுதுனதுதானே?"

"ஆமா சார்."

"அவ்ளோதான்."

டீ கிளாஸைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். பாதி கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு கம்பெனியில், இதே மாதிரி பிரஸ். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"எனக்கும்தாம்மா போச்சு. நான் யார்கிட்டயாச்சும் போய் நின்னனா? கட்டு பிரிச்ச மறுநாள் டூட்டிக்கு வந்தேன். அதனாலதான் இன்னிக்கு இன்சார்ஜ்."

நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 15, சனி

ஒன்பதாம் பயிற்சி முழுவதும் போட்டேன். எல்லாம் சரி. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். சங்கவிக்குக் கஞ்சி. அவள் ஸ்பூனை வலது கையில்தான் பிடிக்கிறாள், ஆனாலும் கிண்ணம் நகர்கிறது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, அது இருக்கிறவரை.

கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பட்டனைச் சரி செய்யவில்லை, ஸ்பேர் இல்லை, பேனலுக்குள் ஒரு துண்டு வயர் போட்டு லெஃப்ட் பட்டனை பைபாஸ் பண்ணினேன், அழுத்தாமலே அழுத்தின மாதிரி, தியாகு சார்தான் பண்ணச் சொன்னார், நாலு நாளில் எடுத்துவிடலாம் என்றார், சரிசெய்யப்பட்டது என்று எழுதச் சொன்னதும் அவர்தான், எழுதியது நான்தான், அன்றைக்கு உன்னை வண்டியில் ஏற்றிய பிறகு பேனலைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள், நான் வயரை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பேனல் சரியாக இருக்கிறது என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

சங்கவி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"லெஃப்ட் பட்டன் செத்துப் போச்சின்னு ஓட்டுறவளுக்குத் தெரியாதாடி? ரெண்டாம் நாளே தெரியும். ஒரு கையில அழுத்து, ஒரு கையில தகட்ட வையி. மத்த ஷிஃப்ட்டுங்களும் அப்டிதான் ஓட்டுச்சுங்க. மணிக்கு நானூறு போறது ஐநூத்தி நாப்பது போச்சு. டிபன் பாக்ஸ் குடுத்தானுங்க." நிறுத்தினாள். "பைபாஸ் யாரு போட்டிருப்பா? மெயின்டனன்ஸ்ல அன்னிக்கு நீ ஒருத்திதான் டூட்டி. உன் புக்கு படிச்சித்தான் தெரியணுமா?"

"அப்ப ஏன் சொல்லல? நோட்டீசுக்குப் பதில்ல என் பேர எழுதியிருக்கலாமே."

"எழுதுனா நீ மட்டும் போவ. சொன்னவன் அங்கயே இருப்பான். வேற ஒருத்தி வந்து வேற வயரு போடுவா." கட்டுப் போட்ட கையை மடியில் மாற்றி வைத்தாள். "அது ஒண்ணு. இன்னொண்ணு, நீயா வாயத் தொறக்கிறியான்னு பாத்தேன். ஒம்போது நாளு ஆச்சு உனக்கு."

மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"கோவமாடி?" என்றேன். மடத்தனமான கேள்வி.

"கேக்காத. கஞ்சிய வெச்சிட்டுப் போ."

மார்ச் 17, திங்கள்

வேலை செய்கிற மூளைக்கு வேலை கொடுக்கிறேன். புலம்பி என்ன ஆகப் போகிறது.

நான் மட்டும் "நான் போட்டேன்" என்று சொன்னால், ஒரு கான்ட்ராக்ட் பெண் தானாகச் செய்த தப்பு என்று முடித்துவிடுவார்கள். சங்கவி சொன்னது சரி. தியாகு சார் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அவர் தினமும் கையால் ஒன்று செய்கிறார். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிரஸ்ஸின் உற்பத்தியையும் தாளில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

p: லெஃப்ட் பட்டன் வேலை செய்தது. q: மணிக்கு நானூறுக்கு மேல் போகவில்லை. இரண்டு கையும் பட்டனுக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்றால் அதற்கு மேல் யாராலும் முடியாது. அந்த அளவைக் கம்பெனியே ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்து லைனில் ஒட்டியிருக்கிறது. ஆக p என்றால் q.

q இல்லை. ஐநூற்று நாற்பது.

ஆகவே p இல்லை.

இதற்கும் அட்டவணை போட்டுப் பார்த்தேன். நோட்டீஸ் எவ்வளவு உறுதியோ இதுவும் அவ்வளவு உறுதி.

மார்ச் 18, செவ்வாய்

பல்பு மாற்றுகிற சாக்கில் லைனுக்குப் போய்த் தாள்களைப் பார்த்தேன். ஃபோன் உள்ளே விடமாட்டார்கள். மனதில் வாங்கிக்கொண்டு பாத்ரூமில் வந்து கையில் எழுதினேன், ஐந்து நடை. பிப்ரவரி 25 முதல் மார்ச் 6 வரை ஒன்பது வேலை நாள், மூன்று ஷிஃப்ட். எதிலும் ஐநூறுக்குக் கீழே இல்லை. சங்கவி ஒருத்திதான் டேப் ஒட்டினாள் என்றால் மற்ற இரண்டு ஷிஃப்ட் எப்படி ஐநூறு போகும்? முதல் ஷிஃப்ட் தாள் ஒவ்வொன்றிலும் மணிக்கொரு தடவை தியாகராஜன் என்று சாரின் கையெழுத்து. மற்ற ஷிஃப்ட் தாள்களையும் மறுநாள் காலையில் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சங்கவி சொல்லச் சொல்லத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்திலேயே சாட்சி என்று நானும் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அம்மா ஃபோன் செய்தாள். "ஞாயித்துக்கெழம பரீட்ச நல்லா எழுது. பர்மனன்ட் ஆனதும் கோயிலுக்குப் போவணும்." சரிம்மா என்றேன். இது கூற்று இல்லை.

மார்ச் 20, வியாழன்

கான்ஃபரன்ஸ் ரூம். ஏ.சி. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல். ஒரு பக்கம் ஹெச்.ஆர். மேனேஜர், தியாகு சார். இன்னொரு பக்கம் சங்கவி மட்டும். நான் கம்பெனித் தரப்புச் சாட்சி, ஆகவே மேனேஜர் பக்கத்தில் நாற்காலி.

மேனேஜர் லாக் புக்கைத் திறந்து வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"லெஃப்ட் பட்டன் சரிசெய்யப்பட்டதுன்னு எழுதினது நீங்க?"

"நான்தான் எழுதினேன். அது பொய்."

தட்டச்சு செய்கிற பெண் நிறுத்திவிட்டு வக்கீலைப் பார்த்தாள். வக்கீல், "அடிங்கம்மா, அப்படியே அடிங்க," என்றார்.

நான் டைரியைத் திறந்து, மார்ச் 8 பக்கத்தைக் கிழித்து, வயரோடு மேஜைமேல் வைத்தேன். எந்த டெர்மினலில் இருந்து எந்த டெர்மினலுக்குப் போட்டேன் என்று சொன்னேன். யார் போடச் சொன்னது, யார் எழுதச் சொன்னது, எடுத்தது எப்போது.

"இந்தப் பொண்ணும் அந்தப் பொண்ணும் ரூம்மேட் சார்," என்றார் மேனேஜர். "ஃப்ரெண்டுக்காகப் பேசுது."

"ஃப்ரெண்டுக்காகப் பொய் சொல்றவ தன் வேல போற மாதிரி ஒரு பொய்யச் சொல்ல மாட்டா சார்," என்றாள் சங்கவி. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. "எனக்கு ஏழாம் நம்பர் பிரஸ்ஸோட மணித் தாளு வேணும். ஒம்போது நாளுது. மூணு ஷிஃப்ட்டுதும்."

"எதுக்கு?"

"குடுங்க, சொல்றேன்."

தாள்கள் வர இருபது நிமிஷம் ஆனது. சங்கவி வலது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "நீங்க ஒட்டியிருக்குற அளவு நானூறு. இது ஐநூத்தி நாப்பது. இது ஐநூத்தி இருவது. இது ராத்திரி ஷிஃப்ட், நான் ரூம்ல தூங்கிட்டிருந்தேன், ஐநூத்தி பத்து. என் டேப்பு ராத்திரியும் வேல செஞ்சுதா?"

வக்கீல் ராத்திரித் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"லெஃப்ட் பட்டன் நல்லா இருந்தா இந்த நம்பரு வராது. வந்திருக்கு. அப்ப நல்லா இல்ல. இத மணிக்கொருக்கா பாத்து சைன் போட்டவரு இங்கதான் உக்காந்திருக்காரு. அவருக்குத் தெரியாதுன்னா, எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

வக்கீல் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு தியாகு சாரைப் பார்த்தார். "உங்க கையெழுத்துதானே சார்?"

தியாகு சார் மேஜைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பாதிக் கட்டைவிரல்.

"டார்கெட் மேல இருந்து வருது சார்," என்றார்.

அதையும் அடிக்கச் சொன்னார் வக்கீல்.

மாலை ஐந்து மணிக்கு என் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் பொய்யான தகவல் எழுதியதற்கும் ஆதாரத்தை மறைத்ததற்கும் தற்காலிக வேலை நீக்கம். இரண்டும் உண்மை. மறுக்கவில்லை. உத்தரவு திங்கட்கிழமை கேட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

பத்து மணிக்குத் தேர்வு. பத்துப் பேர் எழுதினார்கள்.

சாயங்காலம் அவர்களில் ஒருத்தன் ஃபோன் செய்தான். லாஜிக் கேள்வியை ஒப்பித்தான். கடைசிக் கேள்வி, பத்து மதிப்பெண்: இரண்டு கைப் பட்டனுக்கு மெய்மை அட்டவணை வரைந்து விளக்குக.

"நீ எழுதியிருந்தா இருவதுக்கு இருவது வினோ."

"தெரியும்," என்றேன்.

மார்ச் 24, திங்கள்

கட்டு பிரித்து மூன்று நாள் ஆகிறது. காலையில் நான் முடியை வாரி கிளிப் போடப் போனேன். சங்கவி எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து கிளிப்பைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். மூன்று காலாகப் பிரித்தாள். இடது பக்கம் நழுவியது. திரும்பப் பிடித்தாள். மறுபடி நழுவியது. அரை மணி நேரம் ஆயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போ," என்றாள்.

பஸ் ஸ்டாப் போவதற்குள் பின்னல் பாதி பிரிந்துவிட்டது. சரி செய்யவில்லை. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் கவரை நீட்டினார்.

"தல அவுந்திருக்கு பாரும்மா."

"தெரியும்ணா."

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திரும்பும்போது போர்டைப் பார்த்தேன். மூன்று இலக்கத்துக்கு இருக்கும் ஆணியில் முதல் ஆணி காலி. பழைய நம்பர் தகடு வெயிலை மறைத்திருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாக இருந்தது.

"சனிக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்திருந்தாரு," என்றார் அண்ணன், நான் கேட்காமலே. "மூணு மணி நேரம். ஏழாம் நம்பரு சீல். காலைல இத மாத்தச் சொன்னாங்க."

விபத்தில்லா நாட்கள்: 17.

எண்ணிப் பார்த்தேன். மார்ச் 7-லிருந்து சரியாக வருகிறது.